கோட்டை பங்களாவின் வெள்ளை உருவம்

நாய் வாங்க வருகிறவர்கள் முதலில் மூக்கைத்தான் பார்ப்பார்கள், ஐயா. மூக்கு ரோஸ் நிறத்தில் இருக்கிறதா, உடம்பில் எங்காவது ஒரு புள்ளி விழுந்திருக்கிறதா என்று புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். காதைச் சோதிக்க யாருக்கும் தோன்றாது. சுத்த வெள்ளையாகப் பிறக்கும் ராஜபாளையம் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வளர்க்கிற எங்களுக்கு அது தெரியும். குட்டிகள் தூங்கும்போது பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தட்டிப் பார்ப்போம். முழிக்காத குட்டியை வெளியூர்க்காரர் தலையில் கட்டிவிடுவதுதான் வழக்கம். சங்குவை நான் அப்படி விற்கவில்லை. என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம்.

காது கேட்காத நாயைக் கையால்தான் பழக்க வேண்டும். நான் விரலை நீட்டினால் சங்கு பாயும். உள்ளங்கையைக் காட்டினால் எந்த வேகத்தில் ஓடினாலும் நின்றுவிடும். வேறு யாராவது கையைக் காட்டினால் ஒரு நிமிடம் தயங்கி, என்னைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்யும். அதற்குக் காது கேட்காது என்பது என்னையும் என் மச்சினன் காளிராஜையும் தவிர யாருக்கும் தெரியாது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் கோட்டை பங்களாவுக்கு நான் காவல்காரன். சொந்தக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். பொழுது சாயும் நேரத்தில் மாடிச் சுவரோரம் வெள்ளையாக ஓர் உருவம் நடக்கும், எவ்வளவு சத்தம் போட்டாலும் திரும்பிப் பார்க்காது, ஆகவே அது பேய்தான் என்று ஊரில் பேச்சு. நான் மறுத்ததில்லை. சங்குவை மாடிக்கு ஏற்றிவிடுவதே நான்தான். பங்களாவை வாங்க வருகிறவர்கள் டீக்கடையில் விசாரித்துவிட்டு அப்படியே திரும்பிப் போவார்கள். என் மனைவி செல்லத்தாய்கூடப் பயந்துகொண்டு மம்சாபுரத்து வீட்டிலேயே இருந்துவிட்டாள். எனக்கு அது வசதியாகவே இருந்தது. பங்களாவைக் கட்டிய ஜமீன்தார் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்து, அவர் பார்த்த மலையைப் பார்த்துக்கொண்டு காபி குடிப்பேன். இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

காளிராஜ் செல்லத்தாயின் தம்பி. ராஜபாளையத்தில் நிலத் தரகு செய்து வந்தான். பங்களாவைக் கல்யாண மண்டபமாக்க அவன் ஒரு பார்ட்டியைப் பிடித்தான். அவர்களும் பேய் என்றதும் இழுத்தார்கள். அதற்குத்தான் இந்தப் புதையல் வேட்டை. இருபது குடும்பங்கள், ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். சீட்டில் எழுதிய துப்புகளை வைத்துத் தேடிப் போக வேண்டும்; கடைசியில் ஒரு தகரப் பெட்டிக்குள் வெள்ளிக் குத்துவிளக்கு.

"பேய ஓட்ட மந்திரவாதி எதுக்கு அத்தான். நாலு பிள்ளைக உள்ள ஓடியாடினா அது தன்னால போயிரும்" என்றான்.

மண்டபம் வந்ததும் கேட்டில் தொப்பி வைத்துக்கொண்டு நிற்கிற வேலையை எனக்கு வாங்கித் தருவதாகச் சொன்னான். நாய்களுக்கு மட்டும் இடமிருக்காதாம். நல்ல பையன்தான். ஒரு மனிதனை நாற்காலியிலிருந்து எழுப்பிவிடுகிறோம் என்பது அவனுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

எந்தெந்த இடத்தில் எதை ஒளிப்பது என்பதை என்னிடமே விட்டான். கடைசி இடம் தனக்கும் தெரிய வேண்டாம், தெரிந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டான் என்று பேச்சு வரும் என்றான். நாயை என்ன செய்தீர்கள் என்று கேட்டான். கான்சாபுரத்தில் ஒரு கூட்டாளியின் தோப்பில் விட்டிருப்பதாகச் சொன்னேன். பெட்டியைப் பழைய குதிரை லாயத்தில், சங்கு படுக்கும் சாக்குக்கு அடியில் வைத்தேன். சங்குவையும் அங்கேயே விட்டுக் கதவைச் சாத்தினேன். பூட்டவில்லை.

யாரையும் குறி வைத்தேன் என்று சொல்ல முடியாது. யாராவது ஒருவருக்கு ஏதாவது ஆனால் போதும், பிறகு அந்தப் பங்களாப் பக்கம் ஒரு ஈ காக்கை வராது. பிள்ளைகளுக்கும் ஆகியிருக்கலாம். கடவுள் அப்படி விடவில்லை. அந்த விஷயத்தில் எனக்கு நிம்மதிதான்.

கடைசித் துப்பை முதலில் கண்டுபிடித்தது, வேட்டைக்கு வந்திருந்த ஜாஸ்மின் டீச்சரின் இரண்டு பிள்ளைகள். லாயத்தைப் பார்த்து ஓடினார்கள். படம் எடுக்க காளிராஜும் செல்போனோடு சிரித்துக்கொண்டே கூட ஓடினான். கதவைத் திறந்தது சின்னவள். உள்ளே சங்கு எழுந்து நிற்பதைப் பார்த்ததும், காளிராஜ் பிள்ளைகளை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் விட்டுக்கொண்டான். என்னைப் போலவே உள்ளங்கையைக் காட்டினான். சங்கு நின்றது. அவனைத் தாண்டி என்னைப் பார்த்தது.

கூட்டத்துக்கு முன்னால் நான்தான் நின்றிருந்தேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "சங்கு, வேண்டாம், வந்துரு" என்று அடித்தொண்டையிலிருந்து கூப்பிட்டேன். காளிராஜ் திரும்பி என் தோள்களைப் பார்த்தான். கைகள் எங்கே என்று தேடினான் என்று நினைக்கிறேன்.

"அத்தான், கையக் காட்டுங்க" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். பிள்ளைகள் பயந்துவிடக் கூடாது என்று நினைத்திருப்பான்.

நான் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன்.

கழுத்தில்தான் கடி. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. பிள்ளைகள் மேல் ஒரு கீறல் இல்லை. துட்டி வீட்டில், நான் தொண்டை கிழியக் கத்தியதை இழவு கேட்க வந்தவர்களெல்லாம் செல்லத்தாயிடம் சொன்னார்கள். "கடைசியில அவன் ஒங்களத்தான கூப்புட்டிருக்கான்" என்று அவள் என் மடியில் விழுந்து அழுதாள். நானும் அழுதேன். பொய்யாக அழவில்லை, ஐயா.

ஸ்டேஷனில் நீங்கள்கூட விபத்து என்றுதான் எழுதினீர்கள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் சங்குவைக் கூண்டில் அடைத்து வைத்திருக்கிறார்கள், ஆளைக் கொன்ற நாயை வைத்திருக்கக் கூடாது, வியாழக்கிழமை ஊசி போட்டுவிடுவார்கள் என்று நேற்றுச் சொன்னார்கள். அதனால்தான் வந்தேன். சங்கு தானாகப் பாயவில்லை. கையைக் காட்டச் சொல்லிக் காளிராஜ் கேட்ட பிறகும் அது அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. அவனோ எல்லாவற்றையும் புரிந்துகொண்டுவிட்டான். இனி அவனை உயிரோடு போகவிட முடியாது. அதனால் கையைக் காட்டினேன். உள்ளங்கையை அல்ல, விரலை நீட்டினேன். பதற்றத்தில் நாயைச் சுட்டிக்காட்டுகிறேன் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஆகவே அதை விட்டுவிடச் சொல்லுங்கள். ஒரு பாவமும் அறியாத உயிரைக் கொல்ல மனுசனுக்கு எப்படி ஐயா மனசு வரும்?