தம்பிக்கு மாற்றிக் கொடுத்த லென்ஸ்

என் பெயரும் வீட்டு முகவரியும் முதல் பக்கத்தில் எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்தேழு. மூக்குக் கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருடமாக லென்ஸ் வெட்டி ஃபிரேமில் பொருத்தும் வேலை பார்க்கிறேன். துப்பாக்கி சுடும் பயிற்சி மையத்தில் கண் போனவன் என் உடன்பிறந்த தம்பி. என்னை யாரும் விசாரணைக்குக் கூப்பிடவில்லை. நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

தம்பிக்குச் சிறு வயதிலிருந்தே கிட்டப்பார்வை. மையத்தில் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் யாரும் துப்பாக்கியைத் தொடக்கூடாது. பவர் உள்ளவர்கள் வெளியே செய்து கொண்டுவந்தால், லென்ஸ் உடையாத பிளாஸ்டிக் வகைதான் என்று கடைச் சீட்டு காட்ட வேண்டும். சீட்டு இல்லாவிட்டால் மையத்தின் பொறுப்பாளர் தான் பெற்ற பிள்ளையைக்கூட உள்ளே விடமாட்டார். அதனால் அவருக்குச் ‘சீட்டு சார்’ என்று பெயர். சென்ற மாதம் முதல் வாரம் தம்பியைக் கடை ஸ்டூலில் உட்காரவைத்து, நேராகப் பார்க்கச் சொல்லி, கண்மணிக்கு நேரே லென்ஸின் மையத்தைக் குறித்து, உடையாத பிளாஸ்டிக் லென்ஸ் போட்டுக் கொடுத்தேன். சீட்டும் எழுதிக் கொடுத்தேன். அந்தச் சீட்டில் பொய் எதுவும் இல்லை.

அதன் பிறகு பத்து நாள் கழித்துத் தம்பி மறுபடி கடைக்கு வந்தான். அணித் தேர்வுக்கு நான்கு நாள்தான் இருந்தது. “அக்கா, குறிவட்டம் புகை மூட்டமா தெரியுது. ஓரத்துல கலர் வேற அடிக்குது. இதப் போட்டதுலேர்ந்து பாயிண்ட் இறங்கிட்டே போகுது” என்றான். என் கை பட்ட கண்ணாடி திரும்பி வந்ததே இல்லை என்று கடையில் மார்தட்டிக்கொள்பவள் நான். எனக்குச் சுருக்கென்றது. பவரைச் சோதித்தேன், சரியாக இருந்தது. குறை பிளாஸ்டிக்கில்தான் என்று முடிவு கட்டினேன். தெளிவுக்குக் கிளாஸை மிஞ்ச எதுவுமில்லை என்பது எங்கள் தொழிலில் பழைய பேச்சு. அவனை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, அதே ஃபிரேமில் உடையக்கூடிய கிளாஸ் லென்ஸைத் தெரிந்தே வெட்டிப் பொருத்தினேன். கழற்றிய பிளாஸ்டிக் லென்ஸ் இரண்டையும் காகிதத்தில் மடித்து மேசை டிராயரில் வைத்தேன்.

வந்து போட்டுப் பார்த்தவன், “கொஞ்சம் கனமா இருக்கே. ஆனா இப்பதான்க்கா கண்ணு தெரியுது” என்றான். இதுவும் உடையாததுதானே என்று கேட்டான். கிளாஸ் என்று சொன்னால் அவன் போட மாட்டான், சீட்டு சாரும் விட மாட்டார். “அதே வகைதான்டா, கம்பெனி மட்டும் வேற. பழைய சீட்டே போதும்” என்றேன்.

தேர்வுக்கு முந்தின நாள் காலைப் பயிற்சியில் தோட்டாவின் பித்தளைக் கூடு பின்பக்கம் வெடித்து, ஒரு துணுக்கு அவன் முகத்தில் அடித்தது. வலது லென்ஸ் நொறுங்கிக் கண்ணுக்குள் போனது. அந்தக் கண்ணுக்கு இனிப் பார்வை இல்லை. கண்ணிலிருந்து எடுத்தது கிளாஸ் சில்லு என்று மருத்துவர் அவனிடமே சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட பிறகுதான் தம்பி, தன் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டதாகவும், பொறுப்பாளர் மையத்தின் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்ததைப் போட்டுக்கொண்டதாகவும் இந்த நிலையத்தில் எழுதிக் கொடுத்தான். அதன் பேரில் பொறுப்பாளர் மீது வழக்குப் பதிவானது, அவர் வேலையிலிருந்தும் நிறுத்திவைக்கப்பட்டார்.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் தம்பி என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. “நீ வாயத் தொறக்காத. அவருக்கு மையம் இருக்கு, சங்கம் இருக்கு. உனக்கு யாரு இருக்கா?” என்றான். அவன் திட்டியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். நான் தலையாட்டிவிட்டு, அவன் தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பி வைத்துவிட்டு வந்தேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் தம்பி கெட்டிக்காரனும் அல்ல, ஆனாலும் அவன் புளுகை நம்பி நான் ஐந்து நாள் சும்மா இருந்தேன்.

நேற்றுப் பகல் பொறுப்பாளர் கடைக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். “அலமாரியில அப்படி ஒரு கண்ணாடியே கிடையாதும்மா. அவன் ஏன் இப்படிச் சொல்றான்னு உங்களுக்காவது தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். பதிலுக்கு நான், பிளாஸ்டிக் லென்ஸில் குறி மங்கலாகத் தெரியுமா என்று கேட்டேன். ஆமாம் என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்து, மூலையில் இருந்த ஒட்டடைக் கம்பை எடுத்துத் தோளில் பொருத்தி, கன்னத்தை அதன்மேல் சாய்த்தார். “இப்போ என் கண்ணு லென்ஸ்ல எந்த இடம் வழியா பாக்குதுன்னு பாருங்க” என்றார். மாதிரி ஃபிரேம் ஒன்றை மாட்டிவிட்டுப் பேனாவால் புள்ளி வைத்தேன். புள்ளி லென்ஸின் நடுவில் விழவில்லை. மேலே, மூக்கை ஒட்டிய மூலையில் விழுந்தது. “லென்ஸ் மையத்த அங்க வெச்சா பிளாஸ்டிக்லயும் பளிச்சுன்னு தெரியும்மா. எல்லாரும் அதுலதானே சுடுறாங்க” என்றார்.

தம்பியை நான் நேராக உட்காரவைத்து அளவெடுத்தேன். அவன் துப்பாக்கி பிடிப்பதை ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. பிளாஸ்டிக்கில் குறை இல்லை, குறை என் அளவில். பழி ஓரிடம் பாவம் ஓரிடமாக அந்த மனிதர் ஒட்டடைக் கம்போடு என் எதிரில் நின்றார். 

இன்று நிலையத்தில் காட்டப்பட்ட உடைந்த கண்ணாடி நான் பொருத்தியதுதான். மிஞ்சியிருந்த இடது லென்ஸைப் பல்லில் தட்டிப் பார்த்துக் கிளாஸ் என்று உறுதி சொன்னேன். டிராயரிலிருந்த பிளாஸ்டிக் லென்ஸ் இரண்டையும் ஒப்படைத்திருக்கிறேன். பொறுப்பாளருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. தம்பி சொன்ன பொய் எனக்காகச் சொன்னது. அதற்காக அவனைத் தண்டிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். உடையக்கூடிய லென்ஸைத் ‘தெரியாமல்’ பொருத்திவிட்டதாக ஓரிடத்தில் இருந்தது. அப்படியே இருந்தால் எனக்கு நல்லது என்றார். அடித்துவிட்டுத் ‘தெரிந்தே’ என்று எழுதச் சொன்னேன். திருத்திய இடத்தில் தனியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது இதில் உள்ளது அத்தனையும் உண்மை.

ஒப்பம்.