சத்தம் போடாத பெட்டி

உங்கள் அலுவலகக் கம்ப்யூட்டரை யாராவது ஒருநாள் திறந்து தூசி தட்ட வேண்டும், ஃபாதர். போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என்னை உள்ளே கூப்பிட்டுப் பேசிய ஐந்து நிமிடமும் அது சளி பிடித்த ஆள் மாதிரி இரைந்துகொண்டே இருந்தது. ஃபேன் நல்ல ஃபேன்தான். தூசிதான் கோளாறு. ஒரு பிரஷ், ஒரு திருப்புளி, அரைமணி நேரம் போதும். நானே வந்து செய்து தருகிறேன்.

பாவசங்கீர்த்தனத்தை இப்படி ஆரம்பிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். நான் கெர்ட்ரூட். வலைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் குரலை வைத்தே கண்டுபிடித்திருப்பீர்கள். முதல் வெள்ளிதோறும் குருமடத்தில் சாமியாராகப் படிக்கப் பிள்ளைகள் கிடைக்க வேண்டும் என்று மைக்கில் செபம் சொல்பவள் நான்தான். கடைசியாக இங்கே மண்டியிட்டது தவக்காலத்தில். அப்போது கோபம், பொறாமை, பக்கத்து வீட்டுச் சந்திரமதியைப் பற்றிப் பேசியது எல்லாவற்றையும் சொன்னேன். இன்று சொல்லப்போவதை மட்டும் சொல்லவில்லை. அன்று வரிசையில் ஆட்கள் நிறைய நின்றார்கள்.

என் மகன் கில்பர்ட்டை உங்களுக்குத் தெரியும். இருபத்தைந்து வயது. பாசிர் கூடாங்கில் ஒரு கெமிக்கல் ஆலையில் டெக்னீஷியன். மாசாயில் எங்கள் தெருமுனையில் காலையில் ஆலை பஸ் ஏறுவான், சாயங்காலம் அதே இடத்தில் இறங்குவான். அவனுடைய அப்பா வாலண்டைன் இறந்து ஆறு வருடம் ஆகிறது. மகள் ஷர்மைன் கல்யாணமாகிச் சிங்கப்பூரில் இருக்கிறாள். ஆக, கில்பர்ட் போனால் வீட்டில் நான் ஒருத்தி. இதைக் காரணமாகச் சொல்லவில்லை. நீங்கள் கணக்குத் தெரிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு குருமடத்தில் இளைஞர்களுக்காக இரண்டு நாள் மௌனத் தியானம் வைத்தார்கள். போய்வந்தான். வந்ததும் சாப்பிட உட்கார்ந்தவன், தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான்.

"அங்க ரெண்டு நாளு யாருமே பேசலம்மா. எவ்ளோ நல்லா இருந்துச்சு தெரியுமா."

எனக்கு அப்போதே பயம் வந்துவிட்டது. நல்ல சாப்பாடு, நல்ல இடம் என்று சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். பேசாமல் இருந்தது நன்றாக இருந்தது என்கிற பிள்ளையை வீட்டில் என்ன கொடுத்து நிறுத்துவது?

குருமடத்துக்கு மனுப் போட்டுவிட்டான். மாத முடிவுக்குள் அங்கே ஆள் சேர்க்கும் ஃபாதர் அட்ரியன் போனில் கூப்பிட்டு நேர்காணலுக்கு நாள் சொல்வார் என்றான். மனுவில் என் நம்பரைக் கொடுத்திருந்தான். ஆலைக்குள் போன் கொண்டுபோக முடியாது, தீப்பொறி பயம். கேட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அங்கே வேலை செய்கிற எல்லாருமே வீட்டு ஆளின் நம்பரைத்தான் கொடுப்பார்கள். பேங்க் கூப்பிட்டாலும் அம்மா எடுப்பாள், ஆண்டவர் கூப்பிட்டாலும் அம்மா எடுப்பாள்.

வேறு தாய்மார்களாக இருந்தால் அழுது, கத்தி, பட்டினி கிடந்திருப்பார்கள். எனக்கு அதெல்லாம் வராது. நான் சின்னச் சின்ன நல்லதுகளை நம்புகிறவள். ஒருவருக்கு வேண்டியதைக் கேட்காமலே செய்து கொடுத்தால் அவர் நம்மை விட்டுப் போக மாட்டார். நீங்களே ஒரு பிரசங்கத்தில் சொன்னீர்கள். ஏறத்தாழ இப்படித்தான் சொன்னீர்கள்.

கில்பர்ட்டுக்குச் சின்ன வயதில் கம்ப்யூட்டர் விளையாட்டு என்றால் உயிர். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போன நேரத்தில் அவனுடைய பழைய கம்ப்யூட்டர் பழுதானது. அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை, நாங்களும் வாங்கவில்லை. அந்தக் குறையைத் தீர்த்து வைக்கலாம் என்று நினைத்தேன். நான் மின்னணு ஆலையில் பத்தொன்பது வருடமாகச் சர்க்யூட் பலகைகளில் பற்றவைப்பு சரியா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவள். ஒரு பெட்டியைக் கட்டுவது எனக்குப் பெரிய வேலை இல்லை.

ஆனால் சாதாரணப் பெட்டி உதவாது. அவன் மேசை சின்னது. அதில் மாதா சுரூபமும் பைபிளும் ஒரு மெழுகுவர்த்தியும் இருந்தன. பெட்டி பெரிதாக இருந்தால் மாதாவை நகர்த்த வேண்டி வரும். அப்படிப்பட்ட பொம்பளை நான் இல்லை. அடுத்தது சத்தம். மௌனத்தை ருசி பார்த்துவிட்டு வந்த பிள்ளை, ஃபேன் இரைந்தால் இரண்டாம் நாளே அணைத்துவிடுவான். அந்த மௌனத்துக்குள்ளேயே கலைக்காமல் போய் உட்காருகிற மாதிரி ஒரு பெட்டி எனக்கு வேண்டும். என் சம்பளத்துக்குள் வேண்டும்.

ஜொகூர் பாருவில் பழைய கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜீவனிடம் போனேன். கேட்டுவிட்டுக் காதைச் சொறிந்தான்.

"அலமாக், அக்கா. எல்லாரும் கேம் பெட்டின்னா லைட்டு மின்னணும்னு கேப்பாங்க. நீங்க என்னமோ வெளிய தெரியக் கூடாது, சத்தம் வரக் கூடாதுங்கறீங்க. யாருக்கு ஒளிச்சு ஆடப் போறீங்க?"

மகனுக்காக என்றேன்.

"அப்போ அவரு வேலைக்குப் போனதும் நீங்க ஆடப் போறீங்க லா."

சிரித்தேன். நல்ல பையன். சின்னப் பெட்டியைப் புதிதாக வாங்கினால் சின்னதாக இருப்பதற்கே தனி விலை என்று அவன்தான் சொன்னான். ஏதோ ஓர் அலுவலகத்தில் கழித்துப் போட்ட ஒல்லிப் பெட்டியை எடுத்துக் கொடுத்தான். குடும்ப பைபிள் இரண்டைச் சேர்த்து நிறுத்தின மாதிரி இருந்தது. அதற்குள் அரை உயரத்தில் ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டு. தனியாக மின்கம்பி கேட்காத வகை. சுழலும் டிஸ்க்கை எடுத்துவிட்டுச் சுழலாத டிஸ்க் போட்டேன். வேகமாகச் சுற்றும் சின்ன ஃபேனைக் கழற்றி, மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேனை ரப்பர் வளையம் வைத்து மாட்டினேன். கார்டைக் கொஞ்சம் குறைந்த மின்சாரத்தில் ஓட விட்டேன். விளையாட்டில் வேகம் துளி குறையும், சூடும் சத்தமும் நிறையக் குறையும். கொஞ்சமாகக் கேட்டால் யாரும் சத்தம் போடுவதில்லை. நான் அவனிடம் எப்போதும் கொஞ்சமாகத்தான் கேட்டிருக்கிறேன்.

வேலை செய்யும்போது உடம்பு மின்சாரம் பாகங்களைக் கெடுக்காமல் இருக்கக் கையில் மாட்டிக்கொள்ள ஆலையிலிருந்து ஒரு நிலைமின் பட்டையைக் கொண்டுவந்திருந்தேன். திருப்பி வைத்துவிட்டேன். ஆனாலும் கேட்காமல் எடுத்தது பாவம்தான். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஃபாதர் அட்ரியனின் போன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது. எனக்கு அன்று லீவு. சமையலறை மேசையில் சிப்பின் மேல் சூடு கடத்தும் பசையை வைத்துக்கொண்டிருந்தேன். பட்டாணி அளவுதான் வைக்க வேண்டும், ஃபாதர். கூடினால் வழியும், குறைந்தால் சூடாகும். கில்பர்ட் இருக்கிறானா என்று கேட்டார். நல்ல மனிதர், குரலிலேயே தெரிந்தது.

"அவன் சிங்கப்பூர்ல வேலைக்குப் போய்ட்டான் ஃபாதர். மனசு மாறிட்டான். உங்ககிட்ட சொல்ல வெக்கப்படறான்" என்றேன்.

அவ்வளவுதான். அதுவும் பட்டாணி அளவுதான். அவர் அவனை ஆசீர்வதிப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். நான் கையைத் துடைத்துக்கொண்டு மிச்ச வேலையை முடித்தேன். அடுத்த வாரம் போன் நம்பரை மாற்றினேன். பழைய நம்பருக்கு எங்கள் தெருவில் சிக்னல் சரியில்லை என்று வீட்டில் சொன்னேன்.

அதற்குப் பிறகு தினமும் பஸ்ஸை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றும்போதே கேட்பான். "போன் கால் வந்துச்சாம்மா?" இல்லைப்பா என்பேன். ஒரு மாதத்துக்குமேல் கேட்டான். பிறகு வாசலில் நின்று என் முகத்தை மட்டும் பார்ப்பான். பிறகு பார்ப்பதையும் விட்டுவிட்டான். அந்த வாரம்தான் பெட்டியைக் கொடுத்தேன். உன்னைப் பற்றி ஆண்டவருக்கு வேறு திட்டம் இருக்கும்ப்பா என்று தலையைத் தடவிச் சொன்னேன். என் மடியில் தலைவைத்து அழுதான். எத்தனையோ வருடம் கழித்து அன்றுதான் என் மடிக்கு வந்தான். சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

பெட்டி நன்றாக ஓடியது. சத்தம் இருக்கிறதா என்று காதை வைத்துக் கேட்டோம். சுவர்க் கடிகாரத்தின் சத்தம்தான் அதைவிடப் பெரிதாக இருந்தது. அதனால் கடிகாரத்தை அவன் அறையிலிருந்து ஹாலுக்கு மாற்றினேன். மணி தெரியாவிட்டால் பிள்ளை நிம்மதியாக விளையாடுவான் இல்லையா. திரையை வைப்பதற்காக மாதாவை மட்டும் சுவர்ப்பக்கமாக லேசாகத் திருப்ப வேண்டி வந்தது. நகர்த்தவில்லை. திருப்பினேன், அவ்வளவே.

அவன் என்ன விளையாடுகிறான் என்று பார்த்தேன். முதலில் கட்டைகளை அடுக்கி ஊர் கட்டும் விளையாட்டு. முதல் கட்டடமாக ஒரு கோவில் கட்டினான், மணிக்கூண்டோடு. எனக்குக் கொஞ்சம் கவலையாகிவிட்டது. சுடுகிற விளையாட்டில் நல்லதாக ஒன்றை நானே கேட்டு வாங்கிக் கொடுத்தேன், ஃபாதர். பாரிஷில் எந்தத் தாயும் இப்படிச் செய்திருக்க மாட்டாள். அதிலும் அவன் சுடுவதில்லை. கூட ஆடுகிறவன் அடிபட்டு விழுந்தால் ஓடிப்போய்த் தூக்கிவிடுகிற ஆளாகத்தான் ஆடினான். முன்பின் தெரியாத பையன்களெல்லாம் மைக்கில் அவனிடம் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள். சிகாமட்டில் ஒருவன், வெள்ளத்தில் வீட்டுச் சாமானெல்லாம் போய்விட்டதாம். விளையாட்டை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் அவன் பேசுவதைக் கேட்டான். ம்... ம்... என்பான், கடைசியில் இரண்டே வார்த்தை சொல்வான். நீங்கள் இப்போது அந்தப் பக்கம் செய்கிறீர்களே, அதேதான். வீட்டுக்குள் ஒரு பாவசங்கீர்த்தனக் கூண்டையே கட்டிக் கொடுத்துவிட்டேனோ என்று எனக்குத் தோன்றியது. ஆனால் என் வீட்டுக்குள்தானே. அதனால் விட்டுவிட்டேன்.

இப்படி ஏறக்குறைய இரண்டு வருடம் நன்றாகத்தான் போனது. போன ஞாயிறு நீங்கள் கூப்பிட்டீர்கள். ஒரு கூட்டத்தில் ஃபாதர் அட்ரியனைப் பார்த்ததாகவும், கில்பர்ட் சிங்கப்பூரில் இருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருப்பதாகவும், உங்களுக்குப் புரியவில்லை என்றும் சொன்னீர்கள். நாளைக்கு எட்டு மணிப் பூசை முடிந்ததும் அவனையும் அழைத்துக்கொண்டு வரச் சொன்னீர்கள். அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இன்று சனிக்கிழமை. இதனால்தான் இன்று வந்தேன், ஃபாதர். அலுவலகத்தில் சொன்னால் அது வெறும் பேச்சு. இங்கே சொன்னால் திருச்சபைச் சட்டப்படி நீங்கள் வெளியே வாயைத் திறக்க முடியாது. வெளியே கேட்டது கொஞ்சம், இங்கே கேட்டது நிறைய. எது எங்கே கேட்டது என்று பிரித்துப் பிரித்துப் பேச உங்களைப் போன்ற பயந்த மனசுக்காரருக்கு வராது. நாளைக்கு அவனிடம் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டு அனுப்பிவிடுவீர்கள். உங்களைக் கஷ்டப்படுத்துவதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

அதற்காக மட்டும் வந்தேன் என்றும் நினைக்க வேண்டாம். வியாழக்கிழமை ஒன்று நடந்தது. நான் வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். கில்பர்ட் வந்து கீழே உட்கார்ந்து என் பாதத்தைப் பிடித்துவிட்டான்.

"போன தடவ என்னை எடுக்கலன்னு என்னைவிட உங்களுக்குத்தான்மா வருத்தம். மைக்கெல்லாம் பிடிச்சுச் செபம் பண்ணீங்க. உங்களை ஏமாத்திட்ட மாதிரி இருக்கு. ஸாரிம்மா."

என்னிடம் மன்னிப்புக் கேட்டான், ஃபாதர். இரண்டு வருடமாக அவன் எனக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறான். முழுவதையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கால் வலிக்குதாம்மா என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு சொன்னான்: ஃபாதர் அட்ரியனுக்கு மறுபடியும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறானாம். நான் படித்துப் பார்த்துச் சரி என்றால்தான் அனுப்புவானாம். இன்னொரு தடவை நான் ஏமாறுவதை அவனால் பார்க்க முடியாதாம். என்னைப் பெட்டியின் முன்னால் உட்காரவைத்துவிட்டு எனக்கு டீ போடப் போனான்.

படித்தேன். நான் கட்டிய பெட்டி, நான் மாட்டிய ஃபேன். அறையில் ஒரு சத்தமும் இல்லை. அந்தக் கடிதத்தை அவ்வளவு அமைதியில் படிக்கிற மாதிரி அதைச் செய்தது நான்தான். நல்ல கடிதம். அந்த மௌனத்தை இன்னும் மறக்கவில்லை என்று எழுதியிருந்தான்.

பரிகாரமாக எது வேண்டுமானாலும் கொடுங்கள். ஐம்பது ஜெபமாலை, ஒரு மாதம் கோவில் கழிவறை, உங்கள் கம்ப்யூட்டரின் தூசி. கொடுத்த வேலையை முடிக்கிறவள் நான். அவனிடம் போய்ச் சொல் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இந்தத் தடவை ஃபாதர் அட்ரியன் கூப்பிட்டால் உண்மையைத்தான் சொல்வேன் என்று நினைக்கிறேன். ஜீவன் வேறு நல்ல கார்டு ஒன்று வந்திருப்பதாகச் சொன்னான். எனக்கு எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். அது வேறு விஷயம்.

கடிதத்தில் ஒரே ஒரு தவறுதான் இருந்தது. தொடர்புக்கு என்று போட்டு, பழைய மனுவைப் பார்த்து என்னுடைய பழைய நம்பரையே எழுதியிருந்தான். அவன் டீ கொண்டுவருவதற்குள் புது நம்பரைப் போட்டுத் திருத்திவிட்டு, அனுப்புப்பா என்றேன். அவர் கூப்பிடும்போது சரியான ஆளிடம் வந்து சேர வேண்டும் இல்லையா, ஃபாதர்.