வாசலில் நின்று கேட்டது

வேலம்பாளையம் பஸ்ஸில் என் முன் சீட்டில், பனியன் கம்பெனி வேலை முடிந்து வந்த இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

“அவரு குடிச்சுட்டு இருந்தப்பவே தேவலீங்க்கா. திட்டறதுக்காவது எங்கூடப் பேசுவாரு.”

“ஏன் கண்ணு, இப்பத்தான் சுத்தமா உட்டுட்டாரே?”

“உட்டுட்டாருங்க்கா. சர்ச் ஹாலுல குடிய உட்டவங்க வாராவாரம் கூட்டம் போடறாங்க. மனசுல இருக்கறதெல்லாம் அங்கதான் கொட்டறாரு. போன வாரம் கூட்டீட்டு வரப் போயி வாசல்ல நின்னு கேட்டேன். செத்துப்போன எங்க பாப்பாவப் பத்திச் சொல்லி அழுவறாரு. எங்கிட்ட அவ பேரைக்கூட எடுத்ததில்லீங்க்கா. அந்த ஆளுங்க மேல அவ்வளவு பொறாமையா இருக்குது.”

மூத்தவள் டிபன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“எம்புருசன் இன்னும் கடையிலதான் கெடக்கறாரு. உன்னையப் பாத்தா எனக்கு வயிறு எரியுது,” என்றாள். இறங்குவதற்கு எழுந்தவள் குனிந்து கேட்டாள்:

“அந்த சர்ச்சு எந்த வீதீல இருக்குது கண்ணு?”