கத்திய என் கையிலயே குடுங்க

இவ்வளவு லேசாத் தேச்சாப் போதாதுண்ணே, சாணைய இன்னும் நாலு சுத்து விடுங்க. கை முடியில வெச்சா வழிச்சுக்கிட்டு வரணும். நாளைக்கு எருமை வெட்டப் போற கத்தி. எங்க டொராஜா மலையில சாவுக்குக் குடுக்கற எருமைய ஒரே வெட்டுல சாய்க்கணும், உங்க மக்காசர் பக்கம் கேள்விப்பட்டிருப்பீங்களே. ரெண்டாவது வெட்டு விழுந்தா அந்தக் குடும்பம் தலை நிமிர முடியாது.

யாரு சாவா? என் வீட்டுக்காரருதான். உள் ரூம்ல கிடக்காரு. எருமை விழுற வரைக்கும் செத்தவருன்னு சொல்ல மாட்டோம், சீக்காளின்னுதான் சொல்லுவோம். காலைலகூட காபி வெச்சுட்டு வந்தேன்.

நாத்தனார் சாவுக்கு அவருதான் வெட்டப் போனாரு. இதே கத்தி. மொண்ணை. தோலு மட்டும் கீறுச்சு. எருமை மெரண்டு கயித்த அறுத்துக்கிட்டு அவரு வயித்துலயே குத்திருச்சு. கத்தி தீட்டக்கூட உடம்பு வணங்கல கிழவனுக்குன்னு ஊரே பேசுது. அவரா? முந்தின நாள் மத்தியானமே தீட்டி உறையில போட்டு வெச்ச மனுசன். அதக் கேக்குறப்பல்லாம் நெஞ்சுக்குள்ள, சுருக்குன்னு இல்லண்ணே, மந்தமா ஒரு வலி. போகவே மாட்டேங்குது.

ஆமா, அதே எருமையத்தான் வெட்டப் போறாங்க. காட்டுக்கு ஓடினது, மறுநாளே தானா சம்பேகிட்ட வந்து நின்னுச்சு. சம்பே என் மகன். முப்பது வயசாச்சு. மந்தம், மண்டையில ஒண்ணும் ஏறாதும்பாங்க. கன்னுக்குட்டியா இருக்கப்பவே குளிப்பாட்டி வளத்தவன் அவன்தான். எங்ககிட்டப் பேசுறதவிட அதுகிட்டதான் அதிகம் பேசுவான்.

அப்பனுக்கு வந்த கெட்ட பேர மகன்தான் தொடைக்கணும்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. நாளைக்கு அவன்தான் வெட்டணும். சரின்னுட்டான். அதான் பயமா இருக்கு.

ஏனா? அவரு தீட்டி வெச்ச அன்னைக்கே சாயங்காலம், சம்பே வீட்டுக்குப் பின்னால ஆத்துக்கல்லுல இந்தக் கத்திய வெச்சுத் தேச்சுக்கிட்டிருந்தான். வானம் மப்பா இருந்துச்சு, சரியாத் தெரியல. அப்பனுக்கு இன்னும் கூராத் தீட்டிக் குடுக்கறான், பொறுப்பு வந்துருச்சுன்னு நெனச்சு, காபி போட்டுக் குடுத்தேன். எருமை குத்தின பொறகுதான் புரிஞ்சுது, கத்தி வாயவே கல்லுல வெச்சு மழுக்கியிருக்கான்ணே. கத்தி வெட்டலைன்னா எருமை சாகாது, அவ்வளவுதான் அவன் கணக்கு. இத ஊர்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லல, நீங்க வெளியூருங்கறதாலதான் சொல்றேன். அப்பனக் கொன்னவன்னு அடிச்சே கொன்னுடுவாங்க.

அந்தக் கல்லத் தூக்கி ஆத்துல வீசிட்டேன். இன்னைக்குக் காலைல பாத்தா அதே எடத்துல வேற கல்லு கிடக்கு. ஈரங்கூடக் காயல.

போதும்ணே, கூரு வந்துருச்சு. இல்ல இல்ல, அந்தா வர்றானே சம்பே, வாங்கிட்டுப் போக வந்திருக்கான்னு அவன்கிட்டக் குடுத்துடாதீங்க. என் கையிலயே குடுங்க.