கால் வைக்க இடமில்லாத படங்கள்

ஓரெஸ்ட்: இப்ப திருப்தியா? வெளிச்சத்தைப் பாத்தாச்சா?

ஹெல்கா: அஞ்சு நிமிஷம்தானே நிறுத்தச் சொன்னேன்...

ஓரெஸ்ட்: உங்க அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதா? கலைக்கூடத்துல இருபத்திரண்டு வருஷமா உங்களுக்கு வேன் ஓட்டுறேன், படம் மாட்டுறேன்.

ஹெல்கா: மேகத்துக்கு அடியில ஒரு மஞ்சக் கோடு. பாத்தியா இல்லையா?

ஓரெஸ்ட்: பாத்தேன். பனிப்புயல் வர்ற அடையாளம் அது. அதைக் கண்டதும் எங்கப்பாவா இருந்தா மாட்டைக் கொட்டில்ல அடைச்சிருப்பார். நீங்க என்னடான்னா பென்சிலை எடுத்தீங்க.

ஹெல்கா: சரி, நான் பென்சிலை எடுத்தேன். வேனைப் பள்ளத்துல இறக்கினது யாரு?

ஓரெஸ்ட்: ரோடும் பள்ளமும் ஒரே வெள்ளை! எது எதுன்னு தெரிஞ்சாத்தானே...

ஹெல்கா: சரி, சரி. கத்தாதே.

ஓரெஸ்ட்: கத்தலன்னா காதுல விழாது. இந்தக் காத்துல...

ஹெல்கா: மணி என்ன?

ஓரெஸ்ட்: மூணேகால். நகருங்க, போய் சைலன்சரைத் தோண்டிட்டு வரேன்.

ஹெல்கா: இப்பதானே போயிட்டு வந்தே?

ஓரெஸ்ட்: கால் மணிக்கு ஒருக்கா பனி மூடிருது. மூடினா புகை வெளியே போகாது, உள்ள வரும். ரெண்டு பேரும் கொட்டாவி விட்டுக்கிட்டே போய்ச் சேர வேண்டியதுதான்.

ஹெல்கா: அப்படின்னா என்ஜினை நிறுத்திரலாமே?

ஓரெஸ்ட்: நிறுத்தினா ஹீட்டர் நிக்கும். வெளியே மைனஸ் முப்பத்தொண்ணு. அதுலயும் போய்ச் சேரலாம், கொஞ்சம் மெதுவா.

ஹெல்கா: நல்லா ஆறுதல் சொல்றே, போ.

ஓரெஸ்ட்: ரெண்டே நிமிஷம். கதவை நல்லா இழுத்துச் சாத்திக்கோங்க.

ஹெல்கா: அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஆச்சே... ஓரெஸ்ட்?

ஹெல்கா: ஓரெஸ்ட்! எங்க இருக்கே? ஓரெஸ்ட்!

ஹெல்கா: ஐயோ, வா உள்ள, வா! சாத்து! சாத்து!... ஏன் இவ்வளவு நேரம்? ரெண்டு நிமிஷம்னு சொல்லிட்டுப் போனே! முகமெல்லாம் பனி. பேசு. என்னாச்சு?

ஓரெஸ்ட்: கால்... கணுக்கால். வழுக்கிட்டேன்.

ஹெல்கா: சைலன்சர்?

ஓரெஸ்ட்: தோண்டல. அதுவரைக்கும் போகவே இல்ல. என்ஜினை நிறுத்துங்க, சாவியைத் திருப்புங்க.

ஹெல்கா: பூட்ஸைக் கழட்டு.

ஓரெஸ்ட்: வேணாம், விடுங்க...

ஹெல்கா: கழட்டுன்னேன்ல! கலைக்கூடத்துக்கு வர்ற ஒவ்வொரு படத்தையும் எங்க விரிசல், எங்க உரிஞ்சிருக்குன்னு நுணுக்கி நுணுக்கிப் பாத்து எழுதினவ நான். உன் காலைப் பாக்கத் தெரியாதா? சாக்ஸை இறக்கு.

ஓரெஸ்ட்: ஆ... மெதுவா.

ஹெல்கா: இங்கயா?

ஓரெஸ்ட்: ஆமா... இல்ல, இன்னும் கொஞ்சம் கீழ.

ஹெல்கா: ம்.

ஓரெஸ்ட்: என்ன ‘ம்’? ஒடிஞ்சிருக்கா?

ஹெல்கா: பூட்ஸை மாட்டிக்கோ. விரல் உறைஞ்சிரும்.

ஓரெஸ்ட்: குளிர் அதுக்குள்ள ஏறுது பாத்தீங்களா? காபி டப்பாவுல மெழுகுவத்தி இருக்கு, ஏத்துங்க.

ஹெல்கா: இந்தத் துண்டு மெழுகுவத்தியா? இது எவ்வளவு நேரம் தாங்கும்?

ஓரெஸ்ட்: அரை மணி. அந்தக் கம்பளியையும் இங்க குடுங்க.

ஹெல்கா: எந்தக் கம்பளி?

ஓரெஸ்ட்: படத்தைச் சுத்தி இருக்கே, அதான்.

ஹெல்கா: முடியாது. அது இரவல் படம். இப்ப போய் எடுத்துட்டு வந்தோமே, அந்த இர்மா வீட்டுக் கூடத்துல இருபத்தஞ்சு வருஷமா தொங்கினது. கண்காட்சி முடிஞ்சதும் பத்திரமா திருப்பித் தரேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்.

ஓரெஸ்ட்: நீங்களே வரைஞ்ச படம்!

ஹெல்கா: யார் வரைஞ்சா என்ன? குளிர்ல சாயம் வெடிச்சிரும்.

ஓரெஸ்ட்: அம்மணி, நாம வெடிச்சிருவோம்!

ஹெல்கா: ...இந்தா. தொலை. பாதியை எனக்கும் போடு.

ஓரெஸ்ட்: ம்... இதே ரோடுதானே இது? படத்துல கோடை.

ஹெல்கா: ஆமா. அப்ப நான் பள்ளிக்கூட டீச்சர். சம்பளத்துல பாதி சாயத்துக்கே போயிரும். இர்மா கல்யாணத்துக்கு வாங்கித் தர எதுவும் இல்லாம இதைக் குடுத்தேன்.

ஓரெஸ்ட்: இதுலயும் அதேதான்.

ஹெல்கா: எது அதேதான்?

ஓரெஸ்ட்: ஒண்ணுமில்ல.

ஹெல்கா: சொல்லு. செத்தாலும் சாவோம், மென்னு முழுங்காதே.

ஓரெஸ்ட்: நேத்து உங்க படங்களை மாட்ட சுவத்துல நூல் கட்டினேன். யாரு படமா இருந்தாலும் நடுவைத்தான் நூலுக்குச் சேர்ப்பேன். நேத்து விளையாட்டா, படத்துல இருக்கிற அடிவானத்தை நூலுக்குச் சேர்த்துப் பாத்தேன்.

ஹெல்கா: சேர்த்து?

ஓரெஸ்ட்: நாற்பத்தோரு படம். சின்னது, பெருசு, கோடை, குளிர். அத்தனைக்கும் அடிவானத்துல இருந்து கீழ்ச்சட்டம் ஒரே தூரம், ஒரே கோட்டுல நிக்குது. ஒரு விரக்கடை மாறல.

ஹெல்கா: என் பாணி அப்படி.

ஓரெஸ்ட்: அதுக்கப்புறம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து பாத்தேன். ஒரு படத்துலயும் முன்பக்கம் கிடையாது. ஒரு புல்லு இல்ல, ஒரு கல்லு இல்ல. கால் வைக்க இடமே இல்ல.

ஹெல்கா: போதும்.

ஓரெஸ்ட்: வண்டி சீட்டுல உக்காந்து பாத்தா அப்படித்தான் தெரியும், ஹெல்கா. முன்னால இருக்கிறதையெல்லாம் வண்டி மறைச்சிரும்.

ஹெல்கா: நான் வண்டியில உக்காந்து வரைவேன்னு மாகாணத்துக்கே தெரியும். கொசு, காத்து. படம் வைக்கிற ஸ்டாண்டு சாயுது...

ஓரெஸ்ட்: கொசு சரி. கொசு கலைக்கூடத்துக்குள்ள வராதே? மாடியில ரெண்டு ஜன்னலோட ரூம் சும்மா கிடக்க, கிடங்குக்குப் பக்கத்துல, ஜன்னலே இல்லாத இடத்தைத்தானே உங்க ஆபீசுக்குக் கேட்டு வாங்கினீங்க?

ஹெல்கா: எனக்குக் குளிருது. வேற ஏதாவது பேசு.

ஓரெஸ்ட்: பேச வேற ஒண்ணும் இல்ல. மெழுகுவத்தி முடியப் போகுது. எனக்குக் கை மரத்துப் போச்சு. ஹீட்டர் போட்டே ஆகணும். யாராவது போய் சைலன்சரைத் தோண்டணும்...

ஹெல்கா: என்னால முடியாது.

ஓரெஸ்ட்: ஆறே எட்டு வெச்சா போதும்.

ஹெல்கா: ஆறாயிரமா இருந்தா என்ன, ஆறா இருந்தா என்ன! முடியாதுன்னா முடியாது. பத்தொன்பது வயசுல, பெட்டியும் ஸ்டாண்டுமா வயல் நடுவுல இறங்கினேன். நிமிர்ந்தேன். அவ்வளவு வானம். சுத்திச் சுத்தி வானம். பிடிச்சுக்க ஒரு மரம் இல்ல, ஒரு கம்பம் இல்ல. அப்படியே மேல தூக்கிட்டுப் போயிரும்னு... குப்புறப் படுத்துப் புல்லைப் பிடிச்சுக்கிட்டேன். தவழ்ந்து வந்துதான் வண்டியில ஏறினேன். அதுக்கப்புறம் ஒருநாளும் இறங்கினதில்ல.

ஓரெஸ்ட்: ஒருநாளும்?

ஹெல்கா: ஊருக்குள்ள சரி. வீடு இருக்கும், சுவர் இருக்கும். வெட்டவெளியில ஒருநாளும் இல்ல.

ஓரெஸ்ட்: பேப்பர்ல ‘திறந்தவெளியின் ராணி’ன்னு...

ஹெல்கா: படிச்சேன். அன்னிக்கு ராத்திரி வாந்தி எடுத்தேன். நாளன்னிக்குத் திறப்பு விழா. நாற்பது வருஷம் வரைஞ்சது ஒரே கூடத்துல. நீ ஒரு நாற்காலி போட்டுக் கண்டுபிடிச்சே. மத்தவங்களுக்கு எத்தனை நிமிஷம் ஆகும்? ரெண்டு வாரமா அதே பயம்தான். இப்ப... இப்ப அது எவ்வளவு அல்பமா இருக்கு.

ஓரெஸ்ட்: ஹெல்கா, எனக்குத் தூக்கம் வருது.

ஹெல்கா: தூங்காதே! ஏய்! ஓரெஸ்ட்! கண்ணைத் திற!

ஓரெஸ்ட்: திறந்துதான் இருக்கேன்...

ஹெல்கா: இல்ல, மூடியிருக்கு. கயிறு எங்க? படம் கட்டுற கயிறு?

ஓரெஸ்ட்: சீட்டுக்கு அடியில. போறீங்களா? நிஜமாவா?

ஹெல்கா: பேசாம இடுப்புல கட்டு. மனசு மாறுறதுக்குள்ள.

ஓரெஸ்ட்: இறுக்கமா இருக்கா? மறுமுனை என் கையில. ஜன்னலை ஒரு விரக்கடை இறக்கி வைக்கிறேன், கத்துங்க. வலது கையை வேன்மேலயே வெச்சுக்கிட்டுப் போங்க. எடுக்கவே கூடாது. எது வந்தாலும் கையை எடுக்கக் கூடாது, கேட்டுச்சா?

ஹெல்கா: கேட்டுச்சு. ஏன் அப்படி நடுங்குறே?

ஓரெஸ்ட்: குளிரு.

ஹெல்கா: கதவைத் திறக்கிறேன்... ஐயோ... ஐயோ, கடவுளே...

ஓரெஸ்ட்: கை! கை வேன்மேல இருக்கா?

ஹெல்கா: இருக்கு! ஒண்ணு!

ஓரெஸ்ட்: நல்லது! அப்படியே எண்ணுங்க!

ஹெல்கா: ரெண்டு! மூச்சு விட முடியல!

ஓரெஸ்ட்: கீழ பாத்துக்கிட்டே போங்க!

ஹெல்கா: கீழன்னு ஒண்ணும் இல்ல! மூணு!... நாலு...

ஓரெஸ்ட்: அப்புறம்? அஞ்சு சொல்லுங்க!

ஓரெஸ்ட்: ஹெல்கா, அஞ்சு!

ஓரெஸ்ட்: ஏதாவது சொல்லுங்க... கயிறை ஒருதடவை இழுங்க, போதும்.

ஓரெஸ்ட்: நான் இழுக்கிறேன். தெரியுதா? இழுக்கிறேன்...

ஓரெஸ்ட்: ஐயோ. வருதே. கயிறு சும்மா வருதே... ஹெல்கா! கயிறு அவுந்துருச்சு! ஹெல்கா!

ஓரெஸ்ட்: ஹாரன் அடிக்கிறேன்! ஹாரன் பக்கமா வாங்க! இந்தப் பக்கம்!

ஓரெஸ்ட்: வரேன்... இருங்க, நான் வரேன்... கதவைத் திறந்துட்டேன்... வரேன்...

ஓரெஸ்ட்: முடியலயே. கடவுளே, முடியலயே...

ஹெல்கா: நகரு! நகரு, வழி விடு!

ஓரெஸ்ட்: ஹெல்கா!

ஹெல்கா: சாத்து கதவை! ஸ்டார்ட் பண்ணு, ஸ்டார்ட் பண்ணு. தோண்டிட்டேன்.

ஓரெஸ்ட்: கயிறு... கயிறு அவுந்து...

ஹெல்கா: நான்தான் அவுத்தேன். ஒரு முழம் பத்தல. குழாய் கண்ணு முன்னால இருக்கு, கை எட்டல. உன்னைக் கத்திக் கத்திக் கூப்பிட்டேன், உனக்குக் கேக்கல.

ஓரெஸ்ட்: அதுக்காக அவுப்பீங்களா?

ஹெல்கா: வேற என்ன பண்ண? பம்பரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒரு கையாலயே தோண்டினேன். பல்லு எல்லாம் அடிச்சுக்குது பாரு. ஹீட்டரைக் கூட்டு.

ஓரெஸ்ட்: வானம்...?

ஹெல்கா: வானம் எங்க இருந்துச்சு? மூக்குக்கு முன்னால வெறும் வெள்ளை. அதுவும் பயம்தான். ஆனா வேற பயம். கை நகரும்படியான பயம்... ஏன் அழறே?

ஓரெஸ்ட்: அழல. பனி உருகுது. கால் மணி கழிச்சு மறுபடியும்...

ஹெல்கா: தெரியும். நான் போறேன். கயிறை உன் பக்கம் நுனியிலயே பிடிச்சுக்கோ, அந்த ஒரு முழம் கிடைக்கும்.

ஓரெஸ்ட்: ஹெல்கா... ஒரு மணி நேரமாச்சு, இதோட நாலு தடவை போயிட்டு வந்துட்டீங்க. உக்காருங்க.

ஹெல்கா: இன்னும் கால் மணி ஆகல?

ஓரெஸ்ட்: அதில்ல. கேளுங்க. காத்து நின்னுருச்சு.

ஹெல்கா: ...ஆமா.

ஓரெஸ்ட்: கண்ணாடியைத் துடைங்க. அந்தா! வெளிச்சம்! டிராக்டர்!

ஹெல்கா: யாரு? யாரு அது?

இர்மா: நான்தான்! இர்மா! ரெண்டு பேரும் உசுரோட இருக்கீங்களா?

ஓரெஸ்ட்: இருக்கோம்! இருக்கோம்!

இர்மா: போய்ச் சேந்ததும் போன் பண்ணுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். மணி நாலாச்சு, அஞ்சாச்சு. வேலிக் கம்பத்தை ஒண்ணொண்ணா அடையாளம் பாத்து ஓட்டிட்டு வரேன். படம் நல்லா இருக்கா?

ஹெல்கா: ...நல்லா இருக்கு, இர்மா.

இர்மா: இறங்கி வாங்க. பள்ளத்துக்குள்ள டிராக்டரைக் கொண்டுவர முடியாது. இந்தா, இந்த வயலைத் தாண்டினா நான். கூப்பிடு தூரம்தான்.

ஓரெஸ்ட்: வாங்க, ஹெல்கா. இறங்கலாம்.

ஹெல்கா: எல்லாம் தெரியுது, ஓரெஸ்ட்.

ஓரெஸ்ட்: என்ன தெரியுது?

ஹெல்கா: அடிவானம். சுத்தி எங்கயும். மேகமே இல்ல... புயல்ல நாலு தடவை இறங்கினேன். இப்ப என் கால் அசைய மாட்டேங்குது.

இர்மா: என்ன அங்க பேச்சு? காத்து மறுபடியும் கிளம்பும், சீக்கிரம்!

ஓரெஸ்ட்: ஒரு நிமிஷம், இர்மா! கால்ல அடி!... ஹெல்கா, அவங்ககிட்ட போறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். என் கால்ல...

ஹெல்கா: அதெல்லாம் அப்புறம்.

ஓரெஸ்ட்: இல்ல, இப்பவே. கால்ல ஒண்ணும் இல்ல. நான் வழுக்கவே இல்ல. கடைசியா சைலன்சரைத் தோண்டப் போனப்போ வேன்ல இருந்து கையை எடுத்துட்டேன். திரும்பினா வேன் இல்ல. ரெண்டு எட்டுதான் இருக்கும்... தேடுறேன், தேடுறேன், இல்ல. பிள்ளை மாதிரி அம்மான்னு கத்தினேன். எப்படி உள்ள வந்தேன்னே தெரியல. மறுபடியும் போக முடியல... பொய் சொல்லி உங்களை அனுப்பினேன். கயிறு கையோட வந்தப்போகூட நான் இறங்கல.

ஹெல்கா: கால் வீங்கவே இல்லையேன்னு சாக்ஸை இறக்கினப்பவே தெரியும். அப்ப நீ என்னைவிட அதிகமா பயந்திருந்தே, அதான் நான் போனேன். இப்ப நான் உன்னைவிட அதிகமா பயந்திருக்கேன்... நீ முதல்ல இறங்கு.