காற்றுப் புகும் இடம்

பழைய கார்களுக்குக் குளிர் ஆகாது. இதை நீங்கள் எழுதிக்கொள்ளத் தேவையில்லை. பேச்சை எங்காவது தொடங்க வேண்டுமே என்று சொல்கிறேன். அந்த வெள்ளைக் கார் எந்த நிலையில் இருந்தது என்று மட்டும்தான் கேட்டீர்கள். மற்றதெல்லாம் நானாகச் சொல்வது. மொழிபெயர்க்கும் பிள்ளைக்குக் களைத்தால் நிறுத்திக்கொள்கிறேன்.

இந்தக் காலத்துக் கார்களில் எல்லாவற்றையும் கணினி பார்த்துக்கொள்கிறது. அந்தக் காரில் இருந்தது கார்புரேற்றர். பெற்றோலையும் காற்றையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற ஒரு சாமான். வேண்டாத இடத்தால் காற்றுப் புகுந்தால், வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது உதறும். வேகம் கூட்டும் மிதியை அமத்தியவுடன் வேண்டிய பெற்றோல் வந்து சேராவிட்டால், ஒரு கணம் திணறிவிட்டுப் பாயும். சிலவேளை பாயாமல் நின்றுவிடும். இரண்டும் வேறு வேறு நோய். பலர் குழப்பிக்கொள்வார்கள்.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் பிரான்சுக்கு வந்தேன். பாரிசில், ரூ காய் என்ற வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் கோப்பை கழுவினேன். எதிரே அருட்பிரகாசம் அண்ணையின் சேலைக்கடை. அவரிடம் கல்யாணத்துக்குக் கூறைச்சேலை எடுக்கிறவர்களுக்கு, கல்யாணப் பொம்பிளையை மண்டபத்துக்குக் கூட்டிப்போக அந்தக் காரை விடுவார். ஒரு சனிக்கிழமை, பொம்பிளை ஏறி இருந்த பிறகு கார் உதறி உதறி நின்றுபோயிற்று. பின்னால் வாகனங்கள் ஹோர்ன் அடித்தன. நான் ஈரக் கையோடு வெளியே வந்து முன்மூடியைத் திறந்தேன். யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓடவைத்தவன் நான். பெற்றோல் போகும் நுண்ணிய துளை ஒன்றில் தூசி அடைத்திருந்தது. கழற்றி, வாயால் ஊதி, திரும்பப் பூட்டினேன். கார் பூனை மாதிரி உறுமியது.

"தம்பி, நாளைக்கு வீட்டை வாரும். ஒண்டாச் சாப்பிடுவம்," என்றார் அண்ணை.

வீடு பாரிசுக்கு வெளியே, எபினேயில். இந்திராதேவி அக்கா நண்டு சமைத்திருந்தார். மகள் லக்சிகா அப்போது சின்னப் பிள்ளை. தாய் தகப்பனுக்குப் பிரெஞ்சில் பதில் சொல்வாள், எனக்குத் தண்ணீர் வைக்கும்போது மட்டும் "மாமா" என்பாள். அந்த மேசையில் நாலாவது கதிரை சுவரோடு ஒட்டி இருந்தது. அதை எனக்காக இழுத்துப் போட்டார்கள்.

சில ஞாயிறுகள் போனேன். காரில் செய்ய வேண்டிய சின்னச் சின்ன வேலைகள் இருந்தன. பிறகு கார் நல்லாகிவிட்டது. யாரும் என்னை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வரச் சொல்லவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி உங்களுக்கு விளங்குமோ தெரியாது. ஒரே அறையில் இன்னும் பலரோடு படுக்கிறவன் பகலில் அங்கே இருக்க முடியாது. லா சப்பல் மெத்ரோ நிலையத்திலிருந்து கார் து நோர் ரயில் நிலையம் வரை நடப்பேன். திரும்பி நடப்பேன். தெரிந்தவர்கள் தலையாட்டிவிட்டுக் குடும்பத்தோடு கடைக்குள் போவார்கள். நான் திரும்பவும் நடப்பேன். கைகளை என்ன செய்வதென்று தெரியாது; பைக்குள் விடுவேன், எடுப்பேன். கார் எப்படி ஓடுகிறதென்று பார்க்கத்தான் அண்ணையின் கடைக்குப் பின்னால் போனேன். கார்புரேற்றரைப் பிடித்திருக்கும் நட்டுகளைச் சற்றே தளர்த்தினேன். அரைச் சுற்றுக்கும் குறைவு. அந்தக் கிழமை முடிவதற்குள்ளேயே அண்ணை என்னைத் தேடி வந்தார்.

"திரும்பவும் உதறுது ராசா. நீர் இல்லாட்டி இது ஓடாது போல கிடக்கு."

இந்தச் சொல்லை எனக்கு அதற்கு முன் யாரும் சொன்னதில்லை.

அதன்பிறகு வருடக்கணக்காக அந்தக் காரைப் பராமரித்தேன். பராமரித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒருமுறை குழாயில் வெடிப்பு, ஒருமுறை திருகாணியில் பிழை; ஒரே நோயைத் திரும்பக் கொடுத்ததில்லை. கொடுத்ததை எல்லாம் நானே தீர்த்தேன். யாருக்கும் பெரிய தீங்கு இல்லை. ஒரு பொம்பிளை முகூர்த்தம் தப்பி, வீதியோரத்தில் நின்று அழுதாள். இன்னொரு முறை, நின்றுபோன காரைத் தள்ளும்போது அண்ணைக்கு நெஞ்சு அடைத்தது. ஆஸ்பத்திரியில் அவருடைய கட்டிலடியில் நான்தான் இருந்தேன். அக்கா வீட்டிலிருந்து எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டுவருவார். உண்மையைச் சொன்னால், அவை நல்ல நாட்கள்.

ஆனால் நெஞ்சு வருத்தக்காரன் ஓட்டக் கூடாது என்று டொக்ரர் சொல்லிவிட்டார். அக்கா ஓட்டப் பழகினார். லைசென்ஸ் எடுத்த பிறகும் அவருக்குப் பயம் போகவில்லை. பக்கத்தில் இருந்து பழக்கியது நான். எபினேயில் அவர்களுடைய சின்ன வீதி பெரிய வீதியில் ஏறும் இடத்தில் சிக்னல் விளக்கு இல்லை. லொறிகள் வேகமாக வரும். அக்கா இடைவெளி கிடைத்தாலும் தயங்குவார். "யோசிக்கக் கூடாதக்கா. இடைவெளி கண்டவுடனை மிதியை முழுக்க அமத்துங்கோ," என்று சொல்லிக் கொடுத்தேன். கெட்டிக்காரி. அப்படியே பழகிவிட்டார்.

போன இலையுதிர்காலத்தில் முசியே ரேமண்ட் வந்தார். பாண்டிச்சேரிக்காரர், ஓய்வுபெற்றவர், பேத்தியின் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தவர். கடைவாசலில் கார் உதறிக்கொண்டு நிற்பதைக் கண்டு, தன்னிடமும் இப்படியொன்று இருந்தது என்று சொல்லி முன்மூடியைத் திறக்கச் சொன்னார். எங்கிருந்தோ ஒரு தெளிப்பான் எடுத்துக் கார்புரேற்றரின் அடிப்பக்கம் சுற்றி அடித்தார். ஓரிடத்தில் அடித்தபோது எஞ்சின் சத்தம் ஏறியது.

"அதோ, அங்கதான் காத்து இழுக்குது," என்றார். நட்டைத் தொட்டுப் பார்த்தார். "வுவாலா, பாருங்க. ஒரு பக்கம் மட்டும் லூசா இருக்கு. இது தானா கழண்டதில்லீங்க மதாம். யாரோ கழட்டினது."

இறுக்கினார். உதறல் நின்றது. அக்கா காரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. கடைக்குள் சேலைகளை மடித்தபடி கேட்டார்: "தம்பி, உமக்கு இது தெரியாமலோ இருந்தது?"

"கவனிக்கேல்லை அக்கா."

"ஓம்," என்றார். இன்னொரு சேலையை மடித்தார். "இனி ஞாயிறிலை நீர் அலைய வேண்டாம். நாங்கள் முசியே ரேமண்டிட்டைக் காட்டிறம். வீட்டிலை இவருக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. இவருக்கு உம்மிலை உயிர்."

எவ்வளவு மரியாதையாகச் சொன்னார் என்று பாருங்கள். ஒரு வீட்டை ஒருவனிடமிருந்து இப்படியும் எடுத்துக்கொள்ளலாம்.

மறுபடியும் நடக்கத் தொடங்கினேன். லா சப்பல், கார் து நோர், லா சப்பல். நித்திரை இல்லை. சாப்பாட்டுக் கடையில் கோப்பைகள் கைதவறி உடைந்தன. அண்ணை ஒருநாள் வீதியில் கண்டு, "ஏன் காணேல்லை, கோவமோ?" என்றார். வேலை கூடிப்போச்சு என்றேன். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. நடுவில் நின்றது ஒரே ஒரு ஆள்.

என் ஸ்பானர் ஒன்று காருக்குள் கிடக்கிறது என்று சொல்லிக் காரைத் திறக்கிற திறப்பை வாங்கினேன். அண்ணைதான் தந்தார். கார்புரேற்றரின் பக்கவாட்டில் மெல்லிய தோல் போல ஒரு ரப்பர்ச் சவ்வு உண்டு. மிதியை அமத்தும்போது அதுதான் ஒரு வாய் பெற்றோலைப் பீச்சி அடிக்கும். அதில் ஊசியால் ஒரு துளை போட்டேன். வேறொன்றும் தொடவில்லை. நின்றபடி ஓடும்போது எந்த வித்தியாசமும் தெரியாது; முசியே ரேமண்ட் இறுக்கினபடியே அழகாக ஓடும். மெதுவாக அமத்துகிறவருக்கும் பெரிதாகத் தெரியாது. முழுக்க அமத்துகிறவருக்கு மட்டும் எஞ்சின் காற்றை விழுங்கி அணைந்துபோகும்.

முதலில் உங்கள் பொலிஸ் ஆட்களிடம், முசியே ரேமண்ட் கை வைத்ததால் வந்த பிழையாக இருக்கலாம் என்று சொன்னேன். அது சரியில்லை. அவர் வேலை தெரிந்தவர்.

சனிக்கிழமை காலை, வழக்கம்போல லக்சிகாவை வகுப்பில் விட அக்கா காரை எடுத்தார். சின்ன வீதியின் முடிவில் நின்றார். இடைவெளி வந்தது. யோசிக்கவில்லை. பாதி வீதியில் கார் நின்றுவிட்டது. லொறிக்காரர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர் அடித்த பிறேக்கின் தடம் தாரில் நீளமாகக் கிடந்தது. லொறி சாரதிப் பக்கம் மோதியது. அக்கா அந்த இடத்திலேயே போய்விட்டார். லக்சிகாவுக்கு இடுப்பும் காலும் முறிந்தன.

செத்தவீட்டுக்கு எல்லா வேலையும் நான்தான் பார்த்தேன். அண்ணை என் தோளை விடவில்லை. "நீ போகாதை ராசா, இஞ்சையே இரு," என்றார். இப்போது அங்கேதான் இருக்கிறேன். சமைக்கிறேன், கடையைத் திறக்கிறேன், அண்ணைக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். லக்சிகா யாரோடும் பேசுவதில்லை. என் கையைப் பிடித்துத்தான் எழும்பி நடக்கிறாள்.

அவர் இறந்துபோவார் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். ஓம், தெரியும். அந்தச் சந்தியும் தெரியும், அவருடைய காலும் தெரியும். பிள்ளை பக்கத்தில் இருக்கும் என்பதும் தெரியும். அவள் பிழைத்தது எனக்குக் கிடைத்த ஆறுதல். இப்படியே எழுதுங்கள், நான் கையெழுத்து வைக்கிறேன்.

ஆனால் கொஞ்சம் கெதியாக முடித்தால் நல்லது. பின்னேரம் பிள்ளையைக் காலுக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். என்னை விட்டால் அந்த வீட்டுக்கு வேறு ஆர் இருக்கிறார்கள்.