எல்லாரும் சௌந்திரம் மாதிரி

— முடியாது, அம்மிணி. என்ற புரோகிராம் பன்னெண்டையும் உன்ற இஷ்டத்துக்கு நான் ஏன் மாத்தி எழுதோணும்?

— என்ற இஷ்டம் இல்லீங்கண்ணா. மேனேஜர் உத்தரவு. மத்தவங்க நாலு பேரும் மாத்தி முடிச்சாச்சுங்க. உங்களுதுதான் பாக்கி.

— எண்பத்திரண்டுல இந்த மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்து எறங்கினப்ப பெட்டியைப் பிரிச்சவன் இந்த அர்த்தநாரி. நீ வந்து ரெண்டு வருசம். இன்னைக்கு, வரியை எங்க ஆரம்பிக்கிறது, எதுக்கு என்ன பேர் வெக்கிறதுன்னு எல்லாம் சௌந்திரம் எழுதற மாதிரியே எழுதுங்கன்னு உன்ற பேரைப் போட்டுச் செவுத்துல தாள் ஒட்டியிருக்குது!

— கோவிச்சுக்காதீங்கண்ணா. பஞ்சு இருப்புக்கு உங்க புரோகிராம்ல என்ன பேருங்க?

— கண்ணாத்தா. என்ற மவ.

— கழிவுப் பஞ்சுக்கு?

— என்ற மாமியா. ஏன், கணக்கு என்னைக்காச்சும் தப்பா வந்துச்சா?

— வரலீங்க. ஆனா நீங்க மஞ்சக்காமாலையில படுத்தப்ப, அதுல ஒரு சின்னத் திருத்தம் போட எனக்கு ஒம்பது நாள் ஆச்சுங்க. ஒவ்வொரு பேருக்கும் அர்த்தம் கேட்டு உங்க ஊட்டுக்கு ஆள் அனுப்பினேன்.

— அதுதான் வேணும் எனக்கு! நான் படுத்தா இங்க வேலை நிக்கோணும். எல்லாம் ஒரே மாதிரி ஆயிட்டா, எது நான் எழுதினதுன்னு யாருக்குத் தெரியும்? மேனேஜர் இப்பெல்லாம் எதுக்கெடுத்தாலும் உன்னையத்தானே கூப்பிடறார். வயிறு எரியுது, அம்மிணி. வெக்கத்தை உட்டுச் சொல்றேன்.

— இனி கூப்பிடமாட்டாருங்க.

— ஏன்?

— எனக்கு இன்னையோட வேலை முடிஞ்சுதுங்க. காலையில கடுதாசி குடுத்துட்டாரு. உங்களுதையும் முடிச்சு வெச்சுட்டுப் போலாம்னுதான் வந்தேன்.

— என்ன சொல்றே நீ?

— ஆறு பேருல ஒருத்தரைக் கொறைக்கோணும்னு மேலிடத்து உத்தரவாம். “இப்ப எல்லாருமே சௌந்திரம் மாதிரி எழுதறாங்க, அப்புறம் சௌந்திரம் எதுக்கு?”ன்னாரு. ஊட்டுல என் தம்பியும் அம்மாவும் என்ற சம்பளத்தைத்தான் நம்பியிருக்காங்க.

— அம்மிணி, சித்த உக்காரு.

— வெண்ணந்தூர் பஸ் போயிருமுங்க. ஒன்னுதான் மனசு ஆறலீங்க. அவரு நல்ல மனுசன். அப்படி ஒரு வார்த்தை அவரு வாயில எப்படி வந்துச்சோ.

— போன வெள்ளிக்கிழமை அதை அவருகிட்டச் சொன்னதே நான்தான்.